கதிரியக்கப் பொருட்களின் போக்குவரத்து

கதிரியக்கப் பொருட்களின் போக்குவரத்து என்பது அயனாக்கக் கதிர்களை வெளியிடும் பொருட்களையும் கழிவுகளையும் சாலை, தொடர்வண்டி, கப்பல், வானூர்தி ஆகியவற்றின் வழியாக ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு செல்வதைக் குறிக்கும். யுரேனியத் தாதுச் செறிவு, அணு உலை எரிபொருள், பயன்படுத்தப்பட்ட எரிபொருள், அணுக்கழிவு, மருத்துவ ஓரிடத்தான்கள், தொழிலகக் கதிர் மூலங்கள் முதலியன இவ்வாறு எடுத்துச் செல்லப்படுகின்றன. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடி சரக்கனுப்புகைகள் நடைபெறுவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இவற்றுள் அணுமின் தொழிலைச் சார்ந்தவை இருபதில் ஒரு பங்கு மட்டுமே. எஞ்சியவை மருத்துவமனைகள், தொழிற்சாலைகள், ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றுக்கு உரியவை.

இத்துறையின் அடிப்படைக் கொள்கை பாதுகாப்பைப் பொதியிடமே ஒப்படைப்பதாகும். ஓட்டுநரும் பாதையும் வானிலையும் மாறக்கூடியவை. ஆகவே இவற்றுள் எது பிழைத்தாலும் பொதி பிழைக்கக் கூடாது என்ற எண்ணத்தில் விதிகள் அமைந்துள்ளன. கடுமையான சோதனைகளுக்கு உட்பட்ட பெரிய கொள்கலன் ஒன்று போக்குவரத்து விபத்தில் உடைந்து, அதிலிருந்து வெளிவந்த கதிரியக்கத்தால் மக்கள் இறந்ததாகப் பதிவு இல்லை. நிகழ்ந்த கேடுகளில் பெரும்பாலானவை பொதியிலிருந்து பிரிந்துவிட்ட அல்லது பொதி சரியாக மூடப்படாத சிறிய கதிர் மூலங்களால் விளைந்தவை.

வரலாறு

இவ்விதிகளின் தொடக்கம் மனிதரைக் காக்கும் நோக்கில் அமைந்ததன்று என்பது வியப்புக்குரியது. ஐக்கிய அமெரிக்காவில் 1930களில் ரேடியம் அஞ்சலில் அனுப்பப்பட்டு வந்தது. அதே அஞ்சல் பைகளில் சென்ற ஒளிப்படச் சுருள்கள் கதிர்பட்டுக் கெட்டுப்போயின. அதனால் அஞ்சல் துறை கதிரியக்கப் பொருட்களை ஏற்க மறுத்தது. பொதிக்கு வெளியே எவ்வளவு கதிர்வீச்சு இருக்கலாம் என்ற கேள்வி இவ்வாறு ஒளிப்படச் சுருளின் பொருட்டே முதலில் எழுந்தது.

1957ல் தோற்றுவிக்கப்பட்ட அனைத்துலக அணுசக்தி முகமை 1961ல் கதிரியக்கப் பொருட்களைப் பாதுகாப்பாக எடுத்துச் செல்வதற்கான விதித்தொகுப்பை முதன்முதலாக வெளியிட்டது. அது பலமுறை திருத்தப்பட்டு, 2018ல் ஒரு திருத்தப் பதிப்பு வெளியானது. முகமையின் விதிகள் தாமாக எந்த நாட்டையும் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் கடல், வான், தரைவழிப் போக்குவரத்துக்கான பன்னாட்டு விதிகளும் பெரும்பாலான நாடுகளின் சட்டங்களும் அவற்றை ஏறக்குறைய அப்படியே ஏற்றுள்ளன. ஆபத்தான சரக்குகளுக்கான ஐக்கிய நாடுகள் வகைப்பாட்டில் கதிரியக்கப் பொருட்கள் 7ஆம் வகுப்பாகும்.

பொதி வகைகள்

உள்ளே இருக்கும் பொருளின் ஆபத்து எவ்வளவோ அவ்வளவு வலிமை பொதிக்கு வேண்டும். புகையுணர் கருவி போன்ற மிகக் குறைந்த கதிரியக்கம் கொண்டவை விலக்களிக்கப்பட்ட பொதிகளில் செல்கின்றன. யுரேனியத் தாதுச் செறிவு, தாழ்நிலைக் கழிவு ஆகியவை தொழிலகப் பொதிகளில், பெரும்பாலும் எஃகு உருளைகளில் செல்கின்றன.

மருத்துவ ஓரிடத்தான்கள் பெரும்பாலும் ஏ வகைப் பொதிகளில் அனுப்பப்படுகின்றன. மணிக்கு 5 செ.மீ. அளவிலான மழைக்கு ஒப்பான நீர்த்தெளிப்பு, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்த்தல், தன் எடையைப் போல் ஐந்து மடங்கு சுமையை 24 மணி நேரம் தாங்குதல், 6 கி.கி. இரும்புத் தண்டு ஒன்று 1 மீட்டர் உயரத்திலிருந்து மேலே விழுதல் ஆகியவை இதற்கான முக்கியச் சோதனைகள். இவை சரக்குக் கிடங்கிலும் வண்டியிலும் வழக்கமாக நேரும் அடிகளுக்கு ஈடானவை. கடும் விபத்தில் ஏ வகைப் பொதி உடையக்கூடும் என்பதை விதிகளே ஒப்புக்கொள்கின்றன. அதனால்தான் அதில் வைக்கும் பொருளின் அளவுக்கு வரம்பு உண்டு. உடைந்த பொதியின் அருகில் நிற்பவர் பெறும் கதிரேற்பு 50 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதவாறு ஒவ்வோர் ஓரிடத்தானுக்கும் அவ்வரம்பு தனித்தனியே கணக்கிடப்பட்டுள்ளது.

அந்த அளவைக் கடந்த பொருட்களுக்குப் பி வகைப் பொதி தேவை. பயன்படுத்தப்பட்ட எரிபொருள், கண்ணாடியாக்கப்பட்ட உயர்நிலைக் கழிவு, புற்றுநோய் மருத்துவத்துக்கான கோபால்ட்-60 மூலங்கள் ஆகியன இவ்வகையின. இப்பொதி அசையாத, நெகிழாத தளம் ஒன்றின் மீது 9 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்த்தப்படுகிறது. பின்னர் 15 செ.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டின் மீது 1 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். அதன்பின் 800 பாகை செல்சியசு வெப்பத் தீயில் 30 நிமிடம் இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பிறகும் பொதியிலிருந்து 1 மீட்டர் தொலைவில் கதிர்வீச்சு மணிக்கு 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. நீரில் 15 மீட்டர் ஆழத்தில் 8 மணி நேரம் இருக்கும் சோதனையும், மிகுதியான கதிரியக்கம் கொண்டவற்றுக்கு 200 மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் இருக்கும் சோதனையும் உண்டு. மிகுந்த கதிரியக்கப் பொருட்களை வானூர்தியில் கொண்டு செல்ல 1996ஆம் ஆண்டு விதிகளில் சி வகை சேர்க்கப்பட்டது. அது நொடிக்கு 90 மீட்டர் வேகத்தில் மோதலைத் தாங்க வேண்டும்.

9 மீட்டர் வீழ்ச்சியின் இறுதி வேகம் மணிக்கு ஏறத்தாழ 48 கி.மீ. மட்டுமே. நெடுஞ்சாலையில் வண்டிகள் இதைவிட வேகமாகச் செல்கின்றனவே என்ற வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. மோதப்படும் தளம் சிறிதும் நெகிழாதது என்பதே இதற்கு விடை. உண்மையான விபத்தில் மண்ணோ சுவரோ மற்றொரு வண்டியோ நசுங்கி ஆற்றலின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கிறது. சோதனைத் தளத்திலோ அவ்வளவு ஆற்றலையும் பொதியே ஏற்க வேண்டும்.

இவ்விளக்கம் பொதுமக்களுக்குப் போதுமானதாக இருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடம் 1977-78ல் கொள்கலன் ஏற்றிய சரக்குந்துகளைக் காங்கிரீட்டுச் சுவரில் வேகமாக மோதவிட்டுப் படம் பிடித்தது. ஐக்கிய இராச்சியத்தில் 1984 சூலை 17 அன்று லெசுட்டர்சயர் மாவட்டத்தின் ஓல்டு டால்பி சோதனைப் பாதையில், தண்டவாளத்தின் குறுக்கே கிடத்தப்பட்ட எரிபொருள் கொள்கலன் மீது ஆளில்லாத தொடர்வண்டி ஒன்று மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் மோதவிடப்பட்டது. வண்டியின் பொறி சிதைந்தது. கொள்கலனில் நிரப்பப்பட்டிருந்த காற்றழுத்தம் மிகச் சிறிதளவே குறைந்தது.

தீச்சோதனை குறித்த ஐயம் எளிதில் தீரவில்லை. 2001 சூலையில் பால்ட்டிமோர் நகரின் ஓவர்டு தெருச் சுரங்கப்பாதையில் வேதிப்பொருட்கள் ஏற்றிய சரக்குத் தொடர்வண்டி தீப்பிடித்துப் பல நாட்கள் எரிந்தது. அதில் கதிரியக்கப் பொருள் இல்லை. ஆனால் அரை மணி நேரச் சோதனை இத்தகைய தீக்கு எவ்வாறு ஈடாகும் என்று திறனாய்வாளர்கள் கேட்டனர். ஐக்கிய அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கணினி வழி ஆய்வு செய்து, அச்சூழலிலும் கொள்கலன்களிலிருந்து குறிப்பிடத்தக்க வெளியேற்றம் நேராது என்ற முடிவுக்கு வந்தது.

அடையாளச் சீட்டுகள்

விலக்களிக்கப்பட்டவை தவிர்ந்த பொதிகளில் மூவிதழ்ச் சின்னம் கொண்ட சீட்டு ஒட்டப்படுகிறது. இச்சின்னம் 1946ல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில் உருவானது. வெள்ளை-1, மஞ்சள்-2, மஞ்சள்-3 எனச் சீட்டுகள் மூவகைப்படும். வெள்ளைச் சீட்டுப் பொதியின் மேற்பரப்பில் கதிர்வீச்சு மணிக்கு 0.005 மில்லிசீவர்ட்டுக்கு மிகாது. மஞ்சள்-2ல் இது 0.5 வரையும், மஞ்சள்-3ல் 2 வரையும் இருக்கலாம். மஞ்சள் சீட்டுகளில் போக்குவரத்துச் சுட்டெண் என்ற எண் எழுதப்படும். 1 மீட்டர் தொலைவில் மணிக்கு எத்தனை மில்லிசீவர்ட் என்பதை 100ஆல் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். ஒரே வண்டியில் எத்தனை பொதிகளை ஏற்றலாம், அவற்றை மனிதரிடமிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதை இயற்பியல் அறியாத சரக்கு ஏற்றுபவரும் இவ்வெண்களைக் கூட்டித் தெரிந்துகொள்ளலாம்.

அணு எரிபொருளும் கழிவும்

அணு உலைக்குச் செல்லும் புதிய யுரேனிய எரிபொருள் சிறிதளவே கதிர்வீசும். அதை எடுத்துச் செல்வதில், சங்கிலி வினை தற்செயலாகத் தொடங்காதவாறு கட்டுகளை இடைவெளிவிட்டு அடுக்குவதே முதன்மையான கவலை. செறிவூட்டலுக்குச் செல்லும் யுரேனியம் அறுபுளோரைடின் ஆபத்து வேறு வகையானது. அது ஈரக்காற்றுடன் சேரும்போது நச்சும் அரிப்புத்தன்மையும் கொண்ட ஐதரசன் புளோரைடு உண்டாகிறது. 1984 ஆகத்து 25 அன்று, இப்பொருள் நிரம்பிய 30 உருளைகளுடன் சோவியத் ஒன்றியத்தின் ரிகா துறைமுகத்துக்குச் சென்ற மோன் லூயி என்ற பிரெஞ்சுச் சரக்குக் கப்பல், பெல்சியக் கரையருகே பயணிகள் கப்பல் ஒன்றுடன் மோதி மூழ்கியது. உருளைகள் அனைத்தும் பின்னர் மீட்கப்பட்டன. கப்பலில் என்ன இருந்தது என்பதைக் கிரீன்பீசு அமைப்பே வெளிப்படுத்தியது. சரக்கை விட மௌனமே மக்களை மிகுதியும் கலங்கச் செய்தது எனலாம்.

உலையிலிருந்து எடுக்கப்படும் எரிபொருள் கடும் கதிர்வீச்சும் வெப்பமும் கொண்டது. எனவே முதலில் பல ஆண்டுகள் நீர்த்தொட்டியில் குளிர்விக்கப்பட்டு, பின்னரே பயணத்துக்கு ஆயத்தமாகிறது. சுவீடனில் உலைகள் யாவும் கடற்கரையில் அமைந்திருப்பதால், பயன்படுத்திய எரிபொருள் ஆசுகார்சாம் நகரை அடுத்த மையச் சேமிப்பகத்துக்குக் கப்பலிலேயே செல்கிறது. 1982ல் கட்டப்பட்ட சிகின் என்ற கப்பல் இப்பணியில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஈடுபட்டது. பின்னர் சிகிரிட் என்ற கப்பல் அதன் இடத்தைப் பெற்றது. செய்திகளில் அரிதாகவே இடம்பெறும் போக்குவரத்து இது.

இதற்கு நேர்மாறானது ஐரோப்பாவுக்கும் சப்பானுக்கும் இடையிலான கடற்பயணம். சப்பானின் பயன்படுத்திய எரிபொருள் பிரான்சிலும் ஐக்கிய இராச்சியத்திலும் மறுசெயலாக்கம் செய்யப்பட்டது. கிடைத்த புளூட்டோனியமும் கண்ணாடியாக்கப்பட்ட கழிவும் திருப்பி அனுப்பப்பட்டன. 1992 நவம்பரில் ஏறத்தாழ 1.5 டன் புளூட்டோனியத்துடன் பிரான்சின் செர்பூர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அக்காத்சுகி மாரு என்ற கப்பல், காவல் கப்பல் ஒன்றின் துணையுடன், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் 1993 சனவரியில் சப்பானை அடைந்தது. வழியிலிருந்த பல நாடுகள் தம் கடற்பரப்பின் வழியே அது செல்வதை எதிர்த்தன. மற்றொரு பயணம் எரிபொருளின் தரச் சான்றால் வீணானது. 1999ல் சப்பானின் தகாமா நிலையத்துக்குச் சென்ற கலப்பு ஆக்சைடு எரிபொருளின் அளவீட்டுப் பதிவுகள் தயாரிப்பு இடமான செலாபீல்டில் பொய்யாக எழுதப்பட்டிருந்தமை தெரியவந்தது. 2002ல் அச்சரக்கு வந்த வழியே இங்கிலாந்துக்குத் திரும்பிச் சென்றது.

கோர்லெபென்

செருமனியின் கீழ்ச்சாக்சனி மாநிலத்தில் உள்ள கோர்லெபென் என்ற சிற்றூரின் பெயர் இப்போக்குவரத்தின் அரசியலோடு பிரிக்க முடியாதவாறு இணைந்துவிட்டது. அங்கு அணுக்கழிவின் இடைக்காலச் சேமிப்பகம் ஒன்று உள்ளது. அருகிலுள்ள உப்புப் படிவம் நிரந்தரப் புதைப்பிடமாக ஆராயப்பட்டு வந்தது. 1995 ஏப்பிரல் முதல் 2011 நவம்பர் வரை 13 முறை காசுட்டர் எனப்படும் கொள்கலன்கள் அங்குக் கொண்டு செல்லப்பட்டன. இவை ஒவ்வொன்றும் 100 டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ளவை, வார்ப்பிரும்பால் ஆனவை. தானன்பெர்க் நகர் வரை தொடர்வண்டியிலும், எஞ்சிய ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவு சாலையிலும் பயணம் அமைந்தது.

அந்த 20 கி.மீ.தான் போராட்டக் களமாயிற்று. உழவர்கள் இழுவை வண்டிகளைச் சாலையின் குறுக்கே நிறுத்தினர். சிலர் தண்டவாளத்தோடு தம்மைப் பிணைத்துக்கொண்டனர். பல்லாயிரக்கணக்கான காவல்துறையினர் ஒவ்வொரு முறையும் வரவழைக்கப்பட்டனர். 2004 நவம்பரில் பிரான்சில் போராட்டக்காரர் ஒருவர் இத்தொடர்வண்டியில் அடிபட்டு இறந்தார். 2011ல் நடந்த இறுதிப் பயணம் ஐந்து நாட்களுக்கு மேல் நீடித்தது. எதிர்த்தவர்களுள் பலரும் கொள்கலன் வழியில் உடைந்துவிடும் என்று அஞ்சியதால் மட்டும் போராடவில்லை. நிரந்தரப் புதைப்பிடம் முடிவாகும் முன்னரே கழிவைக் கொண்டுவந்து குவிப்பது, தம் ஊரையே புதைப்பிடமாக்கும் முடிவாகிவிடும் என்பது அவர்கள் வாதம்.

கொள்கலனின் வலிமையைச் சான்றாகக் காட்டியவர்களின் நம்பகத்தன்மையை 1998ஆம் ஆண்டு நிகழ்வு குலைத்தது. பயன்படுத்திய எரிபொருளை மறுசெயலாக்கத்துக்கு எடுத்துச் சென்ற கொள்கலன்கள், வண்டிகள் ஆகியவற்றின் வெளிப்புறத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கரல் என்ற வரம்பைப் பலமடங்கு மீறிய கதிரியக்க மாசு காணப்பட்டது. எரிபொருளை நீர்த்தொட்டிக்குள் வைத்தே கொள்கலனில் ஏற்றுவதால், தொட்டி நீரின் மாசு வெளிப்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. மக்களின் உடல்நலத்துக்குக் கேடு நேர்ந்ததாகக் கண்டறியப்படவில்லை. ஆனால் தொழில்துறையினர் இதைப் பல ஆண்டுகளாக அறிந்தும் அரசுக்குத் தெரிவிக்கவில்லை. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த அங்கெலா மேர்க்கெல் போக்குவரத்தை நிறுத்திவைத்தார். கோர்லெபெனுக்கான பயணங்கள் 2001ல்தான் மீண்டும் தொடங்கின. 2013ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி புதிய கொள்கலன்கள் அங்கு அனுப்பப்படுவதில்லை. 2020ல் வெளியான நிலவியல் மதிப்பீட்டில், நிரந்தரப் புதைப்பிடத்துக்கு ஏற்ற பகுதிகளின் பட்டியலிலிருந்து கோர்லெபென் நீக்கப்பட்டது.

சிறிய மூலங்களும் தவறுகளும்

2002 மார்ச்சில் இங்கிலாந்தின் லீட்சு நகர மருத்துவமனையில் பயன்பாடு முடிந்த கோபால்ட்-60 மூலம் ஒன்று சரக்குந்தில் ஏற்றப்பட்டு, ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவிலுள்ள கம்பிரியாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. கொள்கலனின் கதிர்க்காப்பு அடைப்பான் ஒன்றைப் பொருத்த மறந்துவிட்டனர். அந்தத் துளை வழியே ஒடுங்கிய, மிக வலிமையான கதிர்க்கற்றை வழியெங்கும் வெளிவந்துகொண்டிருந்தது. கற்றை தரையை நோக்கிச் செங்குத்தாக இருந்ததால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. அது கிடைமட்டமாக இருந்திருந்தால் பின்னால் வந்த வண்டிகளில் இருந்தோர் அறியாமலே அதற்கு ஆளாகியிருப்பர். பயணத்தை நடத்திய நிறுவனத்துக்கு 2006ல் நீதிமன்றம் 2,50,000 பவுண்டு தண்டம் விதித்தது. அதே 2002 சனவரியில், சுவீடனிலிருந்து பாரிசு வழியாக வானூர்தியில் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சுக்குச் சென்ற இரிடியம்-192 பொதி ஒன்று வரம்புக்கு மிக மேலான கதிர்வீச்சை வெளியிடுவது சேருமிடத்தில்தான் கண்டறியப்பட்டது. உள்ளே இருந்த குப்பிகளின் மூடிகள் கழன்று, இரிடியம் மணிகள் கதிர்க்காப்பு குறைந்த பகுதிக்கு வந்திருந்தன. இரண்டு நிகழ்வுகளிலும் பொதி உடையவில்லை. சரியாக மூடப்படவில்லை.

பொதி என்பதே இல்லாமற் போன நிகழ்வுகள் இவற்றினும் கொடியவை. மெக்சிக்கோவின் சியுடாட் உவாரெசு நகரில் 1983 திசம்பரில் கைவிடப்பட்ட கதிர்மருத்துவக் கருவி ஒன்று பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதிலிருந்த ஏறத்தாழ 6,000 கோபால்ட்-60 மணிகள் சிறு சரக்குந்திலும் இரும்புக் கடையிலும் சிதறின. எஞ்சியவை உருக்காலைக்குச் சென்று கட்டடக் கம்பிகளாயின. அச்சரக்குந்து பல வாரங்கள் தெருவில் நின்றது. 1984 சனவரி 16 அன்று அக்கம்பிகளை ஏற்றிய சரக்குந்து ஒன்று வழி தவறி லாசு அலமோசு தேசிய ஆய்வுக்கூட வாயிலுக்குச் சென்று, அங்கிருந்த கதிருணரியை ஒலிக்கச் செய்தது. அதன் பின்னரே இச்செய்தி உலகுக்குத் தெரிந்தது. 2013 திசம்பரில் அதே நாட்டில், மருத்துவமனை ஒன்றின் கோபால்ட்-60 மூலத்தைக் கழிவுச் சேமிப்பகத்துக்குக் கொண்டு சென்ற சரக்குந்து மெக்சிக்கோ நகருக்கு அருகில் கடத்தப்பட்டது. கடத்தியவர்களுக்கு வண்டியே குறி, சரக்கன்று. இரண்டு நாட்களில் மூலம் மீட்கப்பட்டபோது அது கதிர்க்காப்பிலிருந்து வெளியே எடுக்கப்பட்டிருந்தது.

2023 சனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் சுரங்கம் ஒன்றிலிருந்து பேர்த் நகருக்கு 1,400 கி.மீ. பயணம் செய்த அளவுமானி ஒன்று அதிர்வினால் குலைந்தது. அதன் உள்ளிருந்த 8 மி.மீ. நீளமும் 6 மி.மீ. விட்டமும் கொண்ட சீசியம்-137 குமிழ் திருகாணித் துளை வழியே சாலையில் விழுந்துவிட்டது. சனவரி 16ல் பேர்த்தை அடைந்த பொதி 25ஆம் நாள் திறக்கப்படும் வரை இழப்பு தெரியவில்லை. பிப்ரவரி 1 அன்று, கதிருணரிகளுடன் மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் சென்ற தேடுதல் வண்டி, சாலையோரத்திலிருந்து 2 மீட்டர் தொலைவில் அதைக் கண்டுபிடித்தது. இத்தகைய இழப்புக்கு அம்மாநிலச் சட்டம் அன்று விதித்திருந்த உச்சத் தண்டம் 1,000 டாலர்.

இந்தியாவில்

இந்தியாவில் இப்போக்குவரத்து நெடுங்காலம் 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் இருந்துவந்தது. 1983ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பொதிகளுக்கு ஒப்புதல் அளிக்கிறது. பற்றவைப்புகளைப் படம் பிடிக்கப் பயன்படும் இரிடியம்-192 கருவிகளைப் பேருந்து போன்ற பொதுப் போக்குவரத்தில் எடுத்துச் செல்வது தடை செய்யப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில், கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பயன்படுத்திய எரிபொருளை மறுசெயலாக்கும் ஆலை அதே வளாகத்தில் உள்ளதால் நீண்ட சாலைப் பயணம் தேவைப்படுவதில்லை.

2010ல் தில்லி மாயாபுரியில் நிகழ்ந்தது உவாரெசு நிகழ்வை ஒத்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த கோபால்ட்-60 கதிரூட்டி ஒன்று பிப்ரவரியில் பழைய பொருளாக ஏலம் விடப்பட்டது. அடையாளச் சீட்டோ ஆவணமோ இன்றி அது மாயாபுரி இரும்புக் கடைகளுக்குச் சென்று பிரிக்கப்பட்டது. பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். சட்டப்படி அது கதிரியக்கப் பொருள். ஆனால் வண்டியில் ஏற்றியவர்களுக்கு அது எடைக்கு விலைபோகும் இரும்பும் ஈயமும் மட்டுமே.

ஏற்க மறுத்தல்

மருத்துவ ஓரிடத்தான்கள் வழியிலேயே தேய்ந்துகொண்டிருக்கும் சரக்குகள். எலும்பு, இதயம் ஆகியவற்றைப் படமெடுக்க உதவும் டெக்னீசியம்-99எம் இன் அரைவாழ்வுக் காலம் 6 மணி நேரம் மட்டுமே. ஆதலால் அதன் தாய்த்தனிமமான, 66 மணி நேர அரைவாழ்வு கொண்ட மாலிப்டினம்-99 சில உலைகளிலிருந்து உலகெங்கும் அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு மணி நேரத் தாமதத்திலும் சரக்கின் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு மறைந்துவிடுகிறது.

விதிகளுக்கு முற்றிலும் உட்பட்ட பொதிகளையும் சில வானூர்தித் தலைவர்களும் கப்பல் நிறுவனங்களும் துறைமுகங்களும் ஏற்க மறுப்பதுண்டு. மூவிதழ்ச் சின்னத்தின் மீதான அச்சமும், ஆண்டுக்குச் சில பொதிகளுக்காகப் பணியாளரைப் பயிற்றுவிக்கும் செலவும் இதற்குக் காரணங்கள். இச்சிக்கலை ஆராய அனைத்துலக அணுசக்தி முகமை 2006ல் வழிகாட்டுக் குழு ஒன்றை அமைத்தது. 2010 ஏப்பிரலில் ஐசுலாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோது மாலிப்டினம் அனுப்புகைகளும் தடைப்பட்டன. கனடாவின் சாக் ரிவர் உலை 2009 மே மாதம் முதல் மூடப்பட்டிருந்ததால் ஏற்கனவே தட்டுப்பாடு நிலவிய காலம் அது. அவ்வுலை 2010 ஆகத்தில் மீண்டும் இயங்கத் தொடங்கும் வரை பல மருத்துவமனைகளில் நோயாளிகளின் பரிசோதனைகள் ஒத்திவைக்கப்பட்டன.